மாலேக்கு ஒன்றரை

வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே, முதலாம் மாடி.
கீழே புடவைக்கடை, மேலே நாங்கள்:
இரண்டு கணினி, ஒரு காற்றாடி,
நாலு வருடத்துக்கு முந்திய உலகப்படக் கலண்டர்.
கொழும்புக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்றால்
நிமிர்ந்து பாராமல் சொல்வேன்:
அறுநூற்றெண்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம்.
இங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு நேரம் என்றால்
எழும்பிப்போய் யன்னலைத் திறந்து
மழையா என்று பார்ப்பேன்.

செரஃபினா கேட்பது மாலே.
மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் விழுந்த அடுத்த நாள்
கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாள்.
புருசன் மரியநேசன் அங்கே ஏதோ ஒரு தீவில்
ஏசி திருத்துகிறானாம்.
விருந்தாளிகளின் அறையில் பதினெட்டு பாகை,
அவன் படுப்பது தகரத்துக்குக் கீழே.
நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

"எத்தனைக்கு வெளிக்கிடும்?"
"ஏழு ஐம்பது."
"எத்தனைக்குப் போய்ச் சேரும்?"
"எட்டு ஐம்பது."
"ஒரு மணித்தியாலம்தானோ?"
"ஒன்றரை. அவங்கட மணிக்கூடு
எங்கடையை விட அரை மணித்தியாலம் பின்னுக்கு."
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
"அப்ப அந்த அரை மணித்தியாலம் எனக்கு மிச்சம்."
"திரும்பி வரேக்க பிடிச்சிடுவாங்கள்."
"வரி மாதிரியோ?"
"வரி மாதிரித்தான்."

விலையைக் கடைசியில்தான் கேட்பாள்.
கேட்டுவிட்டு, திறந்தே இராத கைப்பையின் ஸிப்பை
இன்னொருமுறை இழுத்து மூடுவாள்.

கணினி இரண்டே கேள்வி கேட்கும்:
எங்கிருந்து, எங்கே.
கொழும்புக்கு மூன்றெழுத்து. மாலேக்கு மூன்றெழுத்து.
ஐஸ்லாந்தில் ஆடு மேயும் ஓர் ஊருக்கும் மூன்றெழுத்து இருக்கிறது.
மட்டக்குளிக்கு இல்லை.
மட்டக்குளியில் என் அண்ணன் இருக்கிறான்.
நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்
எங்கள் வாசலில் ஏற்றி அவன் வாசலுக்குக் கிட்ட இறக்கும்.
ஒன்பது வருடம்.
ஒரு காணி உறுதி, ஒரு மதில்,
மதில் யாருடைய பக்கம் என்ற ஒரு சொல்,
பிறகு அவன் மனைவி சொன்ன இன்னொரு சொல்,
பிறகு நான் சொன்னது.
காலநிலை காரணமாகத் தாமதம் என்று
இதற்கெல்லாம் அறிவிக்க முடியாது.

மார்ச் மாதம் செரஃபினா ஸிப்பைத் திறந்தாள்.
ஐந்நூறும் ஆயிரமுமாய், ரப்பர் பட்டி போட்ட சீட்டுக் காசு.
நாலு நாள். போகவர.
"எந்தப் பக்கம் இருந்தால் கொழும்பு தெரியும்?"
இடது பக்கம் என்றேன்.
"கொட்டாஞ்சேனை?"
லூசியா கோயில் கூம்பு தெரியலாம் என்றேன்.
எனக்குத் தெரியாது. அவளுக்கு அது வேண்டியிருந்தது.
யன்னலோரம் போட்டுக் கொடுத்தேன், மேலதிகக் கட்டணமில்லாமல்,
முதலாளிக்குத் தெரியாமல்.

அவள் பறந்த காலை
ஏழு ஐம்பதுக்கு நான் பஸ் தரிப்பில் நின்றேன்,
வேலைக்குப் போகும் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கம்.
முதல் நூற்றைம்பத்தைந்து நிறைய ஆள். விட்டேன்.
இரண்டாவதில் இடமிருந்தது. அதையும் விட்டேன்.
ஒன்பது இருபதுக்கு,
அங்கே அவள் சக்கரம் நிலத்தைத் தொட்டிருக்கும்,
அவளுக்கு மட்டும் எட்டு ஐம்பது,
முதலாளி இரண்டுதரம் அழைத்துவிட்டார்,
எத்தனையாவது என்று எண்ணாத ஒன்றில் ஏறினேன்.

"கொஹேத?" என்றான் கண்டக்டர்.
மருதானை என்றுதான் சொன்னேன்.
பாதி வழி. இறங்கித் திரும்பிவிடலாம்,
காலையில் ஏதோ அலுவல் என்று கந்தோரில் சொல்லலாம்.
ஆயிரம் ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு
சில்லறை பிறகு என்று முன்னுக்குப் போனான்.

மருதானை வந்தது.
புகையிரத நிலையத்து மணிக்கூடு ஓடவில்லை.
இறங்குகிறவர்கள் இறங்கினார்கள்.
நான் எப்படி இறங்குவது,
மிச்சக் காசு இன்னும் வரவில்லையே.